யாரும் பாடாத ஐந்தாவது குரல்

1931-ல் அமெரிக்காவின் பிரன்ஸ்விக் நிறுவனம் 'டைகர் ராக்' என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. அதில் டிரம்பெட் பாய்கிறது, டிராம்போன் வழுக்குகிறது, அடியில் டியூபா உறுமுகிறது. ஒரு முழு ஜாஸ் பேண்டு வாசிப்பதாகவே தோன்றும். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள் ஒகையோ மாநிலம் பிக்வா என்ற சிற்றூரைச் சேர்ந்த நான்கு சகோதரர்கள். கூடவே ஒரு கிட்டார். ஜான், ஹெர்பர்ட், ஹாரி, டொனால்ட் என்ற அந்த நால்வருக்குப் பெயர் மில்ஸ் பிரதர்ஸ். கேட்டவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால், ஒரு கிட்டாரைத் தவிர வேறு எந்த வாத்தியமும் இல்லை என்று இசைத்தட்டின் லேபிளிலேயே அச்சிட்டார்கள்.

வாத்தியத்தைக் குரலால் நடித்துக் காட்டுவது பெரிய திறமைதான். அதைவிடப் பெரிய அதிசயம், நடிப்பை விட்டுவிட்டு நால்வரும் ஆளுக்கொரு சுரத்தைப் பிடித்து நிற்கும் இடம். அங்கே நான்கு குரல்களும் கரைந்து ஒரே ஒலியாகின்றன. எது அண்ணன் குரல், எது தம்பி குரல் என்று பிரித்தெடுக்க முடிவதில்லை. நால்வர் பாடும்போது ஐந்தாவதாக ஏதோ ஒன்று கேட்பதுபோலவும் இருக்கிறது. நெருக்கமான சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிடும் இந்த முறைக்கு 'குளோஸ் ஹார்மனி' என்று பெயர்.

இது நமக்கு அந்நியமான இசை, நம் காதுக்கு ஒட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. இந்த இசையின் அடித்தளத்தில் இருக்கும் இயற்பியல், ஒரு தம்புராவுக்கு முன்னால் உட்கார்ந்து சுருதி சேர்க்கும் எவருக்கும் பழக்கமானது. அந்த இயற்பியலில் முக்கியமான சில உண்மைகளைக் கண்டுசொன்னவர் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்.

திருவானைக்காவலில் பிறந்தவர் கேட்ட தம்புரா

சந்திரசேகர வெங்கட ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7 அன்று, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் விசாகப்பட்டினம் போய்விட்டது. அவருக்கு நோபல் பரிசு வாங்கிக்கொடுத்தது ஒளி. ஆனால் அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் அவர் மனம் ஒலியிலும் தோய்ந்திருந்தது. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் ஒலியுணர்வைப் பற்றி எழுதிய நூலைத் தன்னை உருவாக்கிய மூன்று புத்தகங்களில் ஒன்றாக ராமனே குறிப்பிட்டிருக்கிறார்.

தம்புராவில் ராமன் கண்டதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு அடிப்படை வேண்டும். ஒரு கம்பியை மீட்டினால் அது ஒரே ஒரு அதிர்வெண்ணில் ஒலிப்பதில்லை. முழு நீளமாகவும், இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்கு பங்குகளாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்றால் 200, 300, 400, 500 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. இவற்றைச் சீரிசைகள் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. மனிதக் குரலும் அப்படித்தான். குரல்நாண்கள் உண்டாக்கும் ஒலியில் பல சீரிசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

ஒரு கம்பியை அதன் நடுப்புள்ளியில் மீட்டினால், நடுவில் அசையாமல் நிற்க வேண்டிய இரட்டைப்படைச் சீரிசைகள் எழவே கூடாது. ஐரோப்பிய ஒலியியலில் இது நிலைபெற்ற விதி. தம்புரா இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்பதை ராமன் 1921-ல் கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட கட்டுரையில் எடுத்துச் சொன்னார். எழக்கூடாத சீரிசைகள் வலுவாகவே எழுகின்றன. காரணம் தம்புராவின் குதிரை. அதன் மேல்பரப்பு அகலமாக, லேசாக வளைந்திருக்கிறது. கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் ஜீவாளி நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால், ஒவ்வொரு அதிர்விலும் கம்பி குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அந்தத் தொடுதல்கள் மேல் சீரிசைகளுக்கு ஓயாமல் உயிரூட்டுகின்றன.

வித்வான்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். மந்திர ஸட்ஜக் கம்பியில் ஜீவாளி சரியாக நின்றால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று அதைச் சொல்வார்கள். அது அந்தக் கம்பியின் ஐந்தாவது சீரிசை. திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் மேல் முத்துசுவாமி தீட்சிதர் செய்த 'ஜம்பூபதே' கிருதி யமுனாகல்யாணியில் அமைந்தது. அதைப் பாடுபவர் காந்தாரத்தில் வந்து நிற்கும்போது, தம்புரா ஏற்கெனவே அங்கே காத்திருக்கிறது. குரல் அந்த இடத்தில் சரியாக விழுந்தால் அறையே நிறைந்ததுபோல ஒலிக்கும். அந்த நிறைவுதான் ஹார்மனி. தம்புரா ஒரு சுரத்துக்குள் இருக்கும் பல சுரங்களை விரித்துக் காட்டுகிறது. நால்வர் குழு பல சுரங்களை ஒரே சுரம்போலச் சேர்த்துக் கட்டுகிறது. பாதை ஒன்றுதான், திசை மட்டும் வேறு.

ஒரு கணக்கு

நால்வரில் ஒருவர் 200 ஹெர்ட்ஸில் ஸட்ஜம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் அந்தர காந்தாரம் பிடிக்க வேண்டும். காதால் சேர்த்தால் அவர் வந்து நிற்கும் இடம் 250. ஸட்ஜத்தின் ஐந்தாவது சீரிசை 1000, காந்தாரத்தின் நான்காவது சீரிசையும் 1000. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றன.

இப்போது அதே காந்தாரத்தைக் கீபோர்டில் வாசிப்போம். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டியிருப்பதால் கீபோர்டின் காந்தாரம் 250-ல் இல்லை, ஏறத்தாழ 252-ல் இருக்கிறது. வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் அதன் நான்காவது சீரிசை 1008-க்குப் போய்விடுகிறது. 1000-மும் 1008-ம் மோதும்போது ஒலி விநாடிக்கு 8 தடவை ஏறி இறங்குகிறது. இதற்கு விம்மல் என்று பெயர். ஆர்மோனியத்தில் ஸட்ஜத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து அமுக்கி, காற்றைச் சீராகக் கொடுத்துக் கேட்டால் இந்த நடுக்கம் தெளிவாகத் தெரியும். பஞ்சமத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கீபோர்டின் பஞ்சமம் 300-க்கு மிக அருகில், 299.7-ல் இருப்பதால் விம்மல் ஒன்றரை விநாடிக்கு ஒன்றுதான் வருகிறது.

குரலுக்குக் கட்டை இல்லை, பிரெட் இல்லை. அதனால் நல்ல நால்வர் குழு கீபோர்டின் காந்தாரத்தில் நிற்காது. விம்மல் அடங்கும் வரை காதால் தேடி 250-க்கு இறங்கிவிடும். தம்புராவோடு நம்மவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

மூன்றாமவர் 300-ல் பஞ்சமம் பாடுகிறார். இப்போது 3000 ஹெர்ட்ஸை மட்டும் உற்றுக் கவனிப்போம். 200-ன் 15-வது சீரிசை, 250-ன் 12-வது சீரிசை, 300-ன் 10-வது சீரிசை மூன்றும் அந்த ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. மனிதக் காதுக் குழாய் இயல்பாகவே ஒத்ததிர்ந்து ஒலியைப் பெருக்கும் பகுதியும் ஏறத்தாழ அதுதான். காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில் மூன்று குரல்களின் ஆற்றல் குவிவதால், தலைக்கு மேலே ஒரு மணி ஒலிப்பதுபோல இருக்கிறது. வாத்தியமின்றி நால்வராகக் குளோஸ் ஹார்மனி பாடும் அமெரிக்க 'பார்பர்ஷாப்' பாடகர்கள் இதை 'ரிங்' என்பார்கள். நாலு பேரும் அதற்காகத்தான் பாடுகிறார்கள் என்றே சொல்லலாம்.

நான்காமவர் எடுப்பது 350. இது நம் கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே விழும் சுரம். எந்தக் கீபோர்டிலும் இது கிடைக்காது. அங்கே இதற்குப் பக்கத்தில் இருப்பது 356. இப்போது 200, 250, 300, 350 நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நான்குமே 50-ன் மடங்குகள். 4, 5, 6, 7-வது சீரிசைகள். நான்கு அலைகளும் கூடிய கூட்டலை வரைந்தால், அந்த வடிவம் விநாடிக்கு 50 தடவை திரும்பத் திரும்ப வருகிறது. மூளை இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்துவிடுகிறது. நான்கு சுரங்களையும் ஒரே பெரிய ஒலியின் பகுதிகளாக எடுத்துக்கொள்கிறது. மேலே மணி, கீழே எவரும் பாடாத ஆதாரம். நால்வர் பாடும்போது ஐந்தாவதாகக் கேட்பது இதுதான்.

நெருக்கம் எங்கே இனிக்கும்

நெருக்கமான சுரங்கள் எல்லா இடத்திலும் இனிப்பதில்லை. உட்காதில் இருக்கும் சவ்வு, அதிர்வெண்களை இடம் வாரியாகப் பிரிக்கிறது. இரண்டு சுரங்கள் சவ்வில் மிக அருகருகே விழுந்தால் காதால் அவற்றைப் பிரிக்க முடியாது, ஒலி கரகரப்பாகிறது. நெதர்லாந்தின் பிளாம்ப், லெவெல்ட் இருவரும் 1965-ல் இதை அளந்து காட்டினார்கள். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தப் பிரிக்கும் பட்டையின் அகலம் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். அதில் கால் பங்கு இடைவெளியில்தான் கரகரப்பு உச்சத்தில் இருக்கும்.

மிகத் தாழ்ந்த குரலான பேஸில் பாடுபவர் ஒருவர் 100-ல் ஸட்ஜமும் பக்கத்திலிருப்பவர் 125-ல் காந்தாரமும் பாடினால் இடைவெளி 25. அதாவது கரகரப்பு உச்சம். அதே இரண்டு சுரங்களை 400, 500 என்று மேலே எடுத்துப் பாடினால் இடைவெளி 100; ஒலி தெளிந்துவிடும். குளோஸ் ஹார்மனி எழுதுபவர்கள் மேல் குரல்களை நெருக்கி வைத்து, பேஸை எட்டத்தில் நிறுத்துவதற்குக் காரணம் இது.

1948-ல் இண்டியானாபொலிஸின் பட்லர் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய 'ஃபோர் ஃபிரெஷ்மென்' குழு இந்த இடத்தில் ஒரு புதிய அடி வைத்தது. டான், ராஸ் பார்பர் என்ற இரு சகோதரர்கள், அவர்களுடைய உறவினர் பாப் ஃபிளானிகன், நண்பர் ஹால் கிராட்ஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். ஆதார சுரத்தைப் பாட வேண்டிய வேலையைப் பேஸ் வாத்தியத்திடம் விட்டுவிட்டு, நான்கு குரல்களையும் மேல் சுரங்களுக்குப் பயன்படுத்தினார்கள். குரல்களைச் சில இடங்களில் நெருக்கி, சில இடங்களில் அகல விரித்தார்கள். அதனால் நான்கு பேர் பாடும்போதே ஐந்து, ஆறு சுரங்கள் கொண்ட ஜாஸ் அடுக்குகள் கேட்டன. 1952-ல் வந்த அவர்களுடைய 'இட்ஸ் எ புளூ வேர்ல்ட்' பாடல் புகழ்பெற்றது. ஐந்து டிராம்போன்களோடு அவர்கள் பாடிய இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு குரலையும் காதால் பிரித்துப் பாடம் செய்தவன் கலிஃபோர்னியச் சிறுவன் பிரையன் வில்சன். பின்னாளில் 'பீச் பாய்ஸ்' குழுவின் இசையை உருவாக்கியவர் அவர்.

குரல்கள் கலப்பது எப்படி

சுரம் சரியாக இருந்தால் மட்டும் குரல் கலந்துவிடாது. உயிரெழுத்தும் சேர வேண்டும். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் தன் வடிவத்துக்கேற்ப சில அதிர்வெண் பகுதிகளை வலுப்படுத்துகிறது. 'ஆ' என்று வாய் திறந்தால் ஒரு பகுதி எழும், 'ஈ' என்று இழுத்தால் வேறு பகுதி எழும். நால்வரில் ஒருவர் 'ஆ'வைக் கொஞ்சம் 'ஓ' பக்கம் சாய்த்தாலே அவர் குரல் தனியாகத் துருத்தி நிற்கும். அதனால்தான் இந்தக் குழுக்கள் ஒத்திகையில் சுரத்துக்குக் கொடுக்கும் நேரத்தை உயிரெழுத்துக்கும் கொடுக்கின்றன. குரலில் அசைவும் குறைவாக இருக்க வேண்டும். ஆப்பெரா பாடகரின் குரல் விநாடிக்கு ஐந்தாறு தடவை அசைகிறது. அந்த அசைவில் விம்மலும் மறைந்துவிடும், பொருத்தமும் மறைந்துவிடும். ஜாஸ் நால்வர்கள் பெரும்பாலும் நேரான குரலில் பாடுவது இதனால்தான்.

சகோதரர்களுக்கு இதில் இயல்பான வசதி உண்டு. தொண்டையின் அமைப்பும் பேச்சு வழக்கும் ஒன்றாக இருக்கின்றன. மில்ஸ் சகோதரர்களில் பேஸ் பாடிய ஜான் 1936-ல் இளம் வயதிலேயே இறந்தபோது, அந்த இடத்துக்கு வந்து நின்றவர் அவர்களுடைய தந்தை. ஊரில் முடிதிருத்தகம் வைத்திருந்தவர், தானும் நால்வர் குழுவில் பாடியவர். குழுவின் ஒலி குலையவில்லை.

ஆனால் இரத்த உறவு கட்டாயமில்லை. அதற்குத் திருச்சியே சாட்சி. ஆலத்தூர் சகோதரர்கள் என்று புகழ்பெற்ற ஸ்ரீநிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். சிவசுப்பிரமணிய ஐயரின் தந்தை ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் இருவரும் ஒன்றாகக் கற்றவர்கள். ஒரே சுருதி, ஒரே உச்சரிப்பு, ஒரே மூச்சு என்ற பயிற்சிதான் அவர்களைச் சகோதரர்கள் ஆக்கியது.

மைக் செய்த உதவி

இந்த இசையை உலகம் கேட்டதில் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1925 வரை பாடகர்கள் ஒரு பெரிய கொம்புக்குள் உரத்துப் பாட வேண்டியிருந்தது. அதன் பிறகு மைக் வந்தது. மெல்லப் பாடினாலும் பதிவாகும் என்றானதும், உரத்த குரலில் நொறுங்கிவிடும் நுண்ணிய பொருத்தங்கள் தட்டில் ஏறத் தொடங்கின. மில்ஸ் பிரதர்ஸ் மைக்கின் பிள்ளைகள்.

அடுத்த பாய்ச்சல் பல தடப் பதிவு. ஜீன் பியூர்லிங், டான் ஷெல்டன், லென் டிரெஸ்லர், பானி ஹெர்மன் ஆகிய நால்வர் சேர்ந்த 'சிங்கர்ஸ் அன்லிமிடெட்' குழு, ஜெர்மனியின் வில்லிங்கன் நகரில் இருந்த எம்.பி.எஸ். கூடத்தில் தங்கள் குரல்களின் மேலேயே தங்கள் குரல்களை மறுபடி மறுபடி பதிவு செய்தது. ஒருவரே இரண்டு மூன்று சுரங்களைப் பாட முடிந்ததால், அடுக்கில் குரல்கள் பெருகியும் கலவை குலையவில்லை. பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சனோடு அவர்கள் சேர்ந்து செய்த 'இன் டியூன்' இசைத்தட்டைக் கேட்டால், சுருதி எவ்வளவு துல்லியமாகச் சேர முடியும் என்பது புரியும்.

திருச்சியில் ஏற்கெனவே இருப்பது

பல குரல் இசை திருச்சிக்குப் புதிதல்ல. கல்கத்தா ஆயர் ரெஜினால்ட் ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று இறந்தது திருச்சியில்தான். அவருடைய உடல் இங்குள்ள தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் எழுதிய 'ஹோலி, ஹோலி, ஹோலி' என்ற பாடலுக்கு ஜான் பேக்கஸ் டைக்ஸ் 1861-ல் 'நைசியா' என்ற நான்கு குரல் மெட்டை அமைத்தார். உலகமெங்கும் தேவாலயங்களில் இன்றும் அது ஒலிக்கிறது.

தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகமான தரங்கைவாசம் இருப்பதும் இந்த ஊரில்தான். இப்படிப்பட்ட சபைகளின் ஆராதனையில் இரண்டு மரபுகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. கீர்த்தனைகளை ராக தாளத்தோடு எல்லோரும் ஒரே குரலில் பாடுகிறார்கள். மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளை ஆலயப் பாடகர் குழுவான கொயர் பார்ட்ஸ் பிரித்து, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பாடுகிறது. தமிழ்ச் சொல்லை நான்கு குரலில் பாடுவது இங்கே வாராவாரம் நடக்கும் காரியம். தேவாலயத்துக்கு வெளியே, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, இந்திய மொழிப் பாடல்களைப் பல குரல்களில் பாட வைத்தார்.

நம் ராகங்களைப் பல குரலில் பாடும் முயற்சிக்கு ஒரு உண்மையான எல்லை உண்டு. ஹார்மனிக்கு நிற்கும் சுரம் வேண்டும். தோடியின் காந்தாரம் நிற்பதே இல்லை. அசைவதால்தான் அது தோடி. அதன் மேல் இன்னொரு குரலை அடுக்கினால் ராகமும் போகும், ஹார்மனியும் கிடைக்காது. கமகம் நிறைந்த ராகங்களை அப்படியே விட்டுவிடுவதுதான் இரண்டு மரபுக்கும் மரியாதை.

ஆனால் தீட்சிதர் நமக்கு வேறொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறார். ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு அவர் எழுதிய நோட்டுஸ்வர சாகித்தியங்கள் சுமார் 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தின் நேர் சுரங்கள், கமகம் இல்லாதவை. நான்கு குரலில் அடுக்கிப் பாட இவற்றைவிடப் பொருத்தமானவை நம்மிடம் இல்லை.

ஆகவே திருச்சியின் கொயர்களுக்கும் இசை மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கர்நாடக இசையும் பரதமும் கற்றுத்தரும் கலைக்காவிரி போன்ற நிறுவனமும், 1939 முதல் இயங்கும் வானொலி நிலையமும் இருக்கும் ஊர் இது. நான்கு பேர் சேருங்கள். கீபோர்டை மூடிவையுங்கள், தம்புராவைச் சேர்த்து வையுங்கள். ஒரு நோட்டுஸ்வரத்தை எடுத்துக்கொண்டு, காந்தாரத்தில் விம்மல் அடங்கும் வரை காதால் தேடுங்கள். ஒருவருடைய உயிரெழுத்தை மற்றவர் கேட்டுச் சரிசெய்யுங்கள். பிறகு பதிவு செய்து, மில்ஸ் பிரதர்ஸின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சுருதியில் வளர்ந்த காது ஹார்மனிக்குத் தயாராகவே இருக்கிறது. பாடிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.